நீர்க்கசிவுக்கும் கர்ப்பப்பை இறக்கத்துக்கும் அறுவை ஒன்றுதான் வழியா?

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இலை பறிக்கும் தன் அம்மாவுக்காக, திருப்பூரில் வேலை செய்யும் மகள் கேட்டிருக்கும் கேள்வி இது. அம்மாவுக்கு வயது 51. மூன்று பிள்ளைகள், மூன்றும் அறுவை இல்லாத பிரசவங்கள், முதல் குழந்தையை மட்டும் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். மாதவிலக்கு நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இருமினாலும் தும்மினாலும் இலைமூட்டையைத் தூக்கினாலும் சிறுநீர் கசிகிறது. சில மாதங்களாக, வந்துவிட்டது என்று தோன்றியதும் அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறது. இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறார். சாயங்காலம் ஆனால் அடியில் ஏதோ இறங்கி நிற்பதுபோல் இருக்கிறது என்கிறார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லப்போக, பயந்து மருத்துவமனைக்கே வர மறுக்கிறார். எடுத்துத்தான் ஆக வேண்டுமா, உடற்பயிற்சியால் சரியாகுமா, அம்மா மறுபடியும் பறிப்புக்குப் போக முடியுமா என்பவையே மகளின் கேள்விகள்.

நீலகிரியில் பெண்கள் நல மருத்துவராக வேலை பார்ப்பவள் என்ற முறையில், இதை மகள் கேட்க முன்வந்ததே பெரிய காரியம் என்று நினைக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் இந்தத் துன்பம் அம்மாவோடேயே அடங்கிப்போகிறது. முதல் கேள்விக்கான பதிலை உடனே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைக் கொண்டு பார்த்தால், கர்ப்பப்பையை எடுப்பது உங்கள் அம்மாவுக்கு இப்போது செய்ய வேண்டிய முதல் வேலை அன்று. கர்ப்பப்பையை மட்டும் எடுப்பதால் சிறுநீர்க்கசிவு நிற்காது. கசிவு என்பது சிறுநீர்ப்பையையும், அதன் வாயையும், அந்த வாயைத் தாங்கும் தசைகளையும் சார்ந்தது. கர்ப்பப்பை அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னோர் உறுப்பு. தாங்கும் தசைகளும் தசைநார்களும் தளர்ந்தே இருக்கும்போது கர்ப்பப்பையை மட்டும் அகற்றினால், பிறப்புவழியின் மேல்முனையே சில ஆண்டுகள் கழித்துக் கீழே இறங்கி வருவதும் உண்டு. உங்கள் அம்மாவுக்கு இருப்பது ஒரே நோய் என்று எண்ண வேண்டாம். அழுத்தம் கூடும்போது கசிவது ஒன்று, அடக்க முடியாத அவசரம் இரண்டு, உறுப்பு இறக்கம் மூன்று. மூன்றும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து வருவது சாதாரணம். ஆனால் மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக ஓர் அறுவை என்று முடிவு செய்வதுதான், அறுவை முடிந்த பிறகும் கசிவோடு திரும்பி வரும் பெண்களை நாங்கள் பார்ப்பதற்குக் காரணம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் அம்மாவின் பயம் பாதி குறையும். முன்பக்கத்து இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரைக்கும், இரண்டு பக்கத்து எலும்புகளுக்கு நடுவே, குழந்தைக்குக் கட்டும் தூளியைப் போல ஒரு தசைப்படலம் விரிந்திருக்கிறது. இதைத்தான் இடுப்புத்தளத் தசைகள் என்கிறோம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் இதன்மேல் அமர்ந்திருக்கின்றன. மூன்றின் வாய்களும் இதன் ஊடாகத்தான் வெளியே வருகின்றன. இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென்று உயர்கிறது. அந்த நொடியில் இந்தத் தசைகள் தாமாகவே இறுகி மேலெழுந்து சிறுநீர்க்குழாயை அழுத்தி மூடிக்கொள்ள வேண்டும். பிரசவத்தில் குழந்தையின் தலை வெளிவரும்போது தசைகள் மிக அதிகமாக இழுபடுகின்றன. ஆயுதம் போட்ட பிரசவத்தில் அவை எலும்பிலிருந்து கிழிந்துவிடும் வாய்ப்பும் கூடுகிறது. இளமையில் மீதமுள்ள தசை அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்ததும் பிறப்புவழியின் தோலும் சிறுநீர்க்குழாயின் உட்பூச்சும் மெலிந்துபோவதால், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்ட சேதம் 50 வயதுக்கு மேல் வெளிப்படுகிறது. உங்கள் அம்மாவின் கதை பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

அதற்கு மேல் மலைவாழ்க்கை சேர்க்கும் சுமையும் இருக்கிறது. சரிவில் நின்றுகொண்டு, நனைந்த இலையை மூட்டை கட்டி, தலையிலோ முதுகிலோ ஏற்றி எடை போடும் இடம் வரை நடப்பது, நாள்தோறும் பலமுறை அந்தத் தசைகளின்மேல் விழும் பாரம். கேரட், உருளைக்கிழங்கு மூட்டை தூக்கும் பெண்களுக்கும், சோலை ஓரத்திலிருந்து விறகுக்கட்டு சுமந்து வரும் பெண்களுக்கும் இதே நிலைதான். பிரசவமான சில வாரங்களிலேயே சுமை தூக்கத் தொடங்கியவர்கள் இங்கே ஏராளம். விறகடுப்புப் புகையால் வரும் நாள்பட்ட இருமல் ஒருபுறம், தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் வரும் மலச்சிக்கல் மறுபுறம். இரண்டும் ஓயாமல் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருப்பவை. குளிரும் தன் பங்கைச் செய்கிறது. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்தம் உள்ளுறுப்புகளை நோக்கித் திரும்புவதால் சிறுநீரகம் கூடுதலாக நீரைப் பிரிக்கிறது, வியர்வையும் இல்லை. மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, குந்தா பக்கத்தில் உறைபனி விழும் நாட்களில் பல பெண்கள் தங்கள் நோய் முற்றிவிட்டதாக அஞ்சுகிறார்கள். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி பருவத்தால் வருவது. அதற்காக அஞ்ச வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது கழிப்பறைப் பிரச்சினை. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே போதிய கழிப்பறைகளும் குடிநீரும் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் பறிப்பு நடக்கும் காட்டுக்கும் கழிப்பறைக்கும் இடையே உள்ள தூரத்தை நடந்து பார்த்தவர்களுக்குத்தான் நிலைமை புரியும். அதனால் பெண்கள் காலையில் ஒரு டம்ளர் டீயோடு கிளம்பி, மதியம் வரைக்கும் தண்ணீரே குடிக்காமல், வந்தாலும் அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இதனால் சிறுநீர் கெட்டியாகி, சிறுநீர்ப்பையின் உட்சுவரை எரிச்சலூட்டி, அவசர உணர்வை அதிகமாக்குகிறது. கிருமித்தொற்றும் கல்லும் வர வழி செய்கிறது. கசிவைக் குறைப்பதற்காகத் தண்ணீரைக் குறைப்பது கடைசியில் கசிவைக் கூட்டுவதாகவே முடிகிறது. உங்கள் அம்மா நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை தண்ணீர் குடிக்க வேண்டும். அதைப் பகல் முழுவதும் பிரித்துக் குடித்து, படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன் நிறுத்திக்கொள்ளலாம். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் நீர் அளவை வரையறுத்திருந்தால் மட்டும் அந்த அளவையே பின்பற்ற வேண்டும்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருவோம். மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், மூன்று நாள் குறிப்பு எழுதுவது. பழைய நோட்டு ஒன்றில், எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தார், அளவு எவ்வளவு, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுத வேண்டும். அளவுக்கு அரை லிட்டர் பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும். அம்மாவுக்கு எழுத வராது என்றால், விடுமுறைக்கு நீங்கள் ஊருக்குப் போகும்போது பக்கத்தில் இருந்து எழுதிக்கொடுங்கள். மூன்றில் ஒரு நாளாவது வேலைநாளாக இருக்கட்டும். பெரியவர்களின் சிறுநீர்ப்பை பொதுவாக 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையும் இரவில் அதிகம் போனால் ஒரு முறையும் போவது இயல்பு. இருமும்போதும் தூக்கும்போதும் மட்டும் கசிந்தால், அது தாங்கும் தசைகளின் தளர்ச்சி. அடிக்கடி ஓடி ஒவ்வொரு முறையும் 100 மில்லி அளவுக்கே கழித்தால், அது சிறுநீர்ப்பைத் தசை நிறையும் முன்பே தன்னிச்சையாகச் சுருங்குவதன் அடையாளம். ஒவ்வொரு முறையும் நிறையக் கழித்து, தாகமும் அதிகமாக இருந்தால் சர்க்கரை நோயைச் சந்தேகிக்க வேண்டும். இந்தக் குறிப்போடு வரும் பெண்ணுக்கு, நாங்கள் பத்து நிமிடத்தில் சரியான வழியைச் சொல்லிவிட முடிகிறது.

மருத்துவமனையில் முதலில் செய்ய வேண்டியவை எளிய சோதனைகளே. சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை, சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பது, பெண் மருத்துவர் உள்பரிசோதனை செய்து இறக்கத்தின் அளவையும் தசையின் பலத்தையும் கணிப்பது ஆகியவை போதும். அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் எனலாப்ரில் போன்ற மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும். பிரசோசின் போன்றவை சிறுநீர்க்குழாயின் பிடியைத் தளர்த்தும். நீர் பிரிக்கும் மாத்திரையை மாலையில் சாப்பிட்டால் இரவு முழுக்க எழுந்திருக்க நேரும். மாத்திரையை மாற்றியதால் மட்டுமே கசிவு பெருமளவு குறைந்த பெண்கள் உண்டு. ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் சோதனை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. நோய் எந்த வகை என்று தெளிவாகாதபோதும், சில அறுவைகளுக்கு முன்னும்தான் அது வேண்டும்.

இருமும்போது வரும் கசிவுக்கு முதல் சிகிச்சை இடுப்புத்தளப் பயிற்சி. அமெரிக்கப் பெண்கள் நல மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் இதை மருத்துவ உலகத்துக்கு விளக்கி எழுதினார். அதனால்தான் கெகல் பயிற்சி என்ற பெயர். இதைச் செய்து பார்த்தேன், பலனில்லை என்று சொல்லும் பெண்களில் பலர் தவறான தசையை இறுக்கியவர்கள் என்பதைப் பரிசோதனையில் பார்க்கிறோம். ஆகவே நிதானமாக எழுதுகிறேன். அம்மா முதலில் படுத்து, முழங்கால்களை மடித்து வைத்துக்கொள்ளட்டும். நாலு பேர் நடுவே வாயு பிரியாமல் அடக்குவது எப்படியோ அப்படி ஆசனவாயை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்பக்கம் சிறுநீர் வரும் வழி வரைக்கும் கொண்டுவந்து, எல்லாவற்றையும் உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். அப்போது மூச்சு நிற்கக் கூடாது; வயிறு வெளியே தள்ளக் கூடாது; தொடைகளும் பிட்டமும் இறுகக் கூடாது. மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குபவர்கள் பலர். முக்கினால் இறக்கம் அதிகமாகும். சந்தேகம் இருந்தால், கழுவிய விரல் ஒன்றைப் பிறப்புவழிக்குள் வைத்து, விரலைச் சுற்றிப் பிடித்து மேலே இழுப்பதுபோல் உணர்கிறாரா என்று அம்மாவே பார்த்துக்கொள்ளலாம். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாகச் செய்ய வேண்டாம். பை முழுமையாகக் காலியாகாமல் போக அது காரணமாகும்.

தசையைக் கண்டுபிடித்த பிறகு, முடிந்த அளவு நொடிகள், தொடக்கத்தில் மூன்று நொடிகள் ஆனாலும் சரி, இறுக்கிப் பிடித்துவிட்டு, அதே அளவு நேரம் முழுவதும் தளர விட வேண்டும். இப்படி எட்டு முதல் பத்து முறை. பிறகு, இறுக்கி உடனே விடும் வேகமான சுருக்கங்கள் பத்து. இதை நாளுக்கு மூன்று வேளை செய்ய வேண்டும். வாரங்கள் போகப் போகப் பிடிக்கும் நேரத்தைப் பத்து நொடிகள் வரை கூட்டலாம். படுத்துச் செய்வதிலிருந்து உட்கார்ந்தும், பின்னர் நின்றும் செய்யலாம், ஏனென்றால் அம்மாவுக்குக் கசிவது நிற்கும்போதுதான். தளர விடுவதும் இறுக்குவதற்குச் சமமான முக்கியத்துவம் உள்ளது. நாள் முழுக்கச் சிறுநீரை அடக்கிப் பழகிய பெண்களில் சிலருக்குத் தசை எந்நேரமும் இறுகியே இருக்கும். சிறுநீர் கழிக்கத் தொடங்குவதே சிரமமாகும். அடிவயிற்றிலும் உடலுறவின்போதும் வலி இருக்கும். அவர்கள் இறுக்கும் பயிற்சியைச் செய்தால் வலி கூடும். அவர்களுக்கு முதலில் தளர்த்தும் பயிற்சியே கற்றுத்தரப்பட வேண்டும். ஆகவேதான், பயிற்சி தொடங்கும் முன் ஒரு முறையாவது மருத்துவரோ, பெண் இயன்முறை மருத்துவரோ தசையைப் பரிசோதிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

இதோடு ஒரு சிறு உத்தியும் சேர வேண்டும். இருமலோ தும்மலோ வரப்போகிறது என்று தெரிந்ததும், அல்லது மூட்டையில் கை வைத்ததும், முதலில் அந்தத் தசையை இறுக்கி மேலே இழுத்துக்கொண்டு, பிறகே இருமவோ தூக்கவோ வேண்டும். 1998இல் அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த நேரக்கணிப்பை மட்டும் கற்றுக்கொண்ட முதிய பெண்களுக்கு ஒரே வாரத்தில் இருமும்போதான கசிவு தெளிவாகக் குறைந்ததைக் காட்டினார்கள். தசை பலமடைய மாதங்கள் ஆகும். இந்த உத்திக்கு அவ்வளவு காலம் வேண்டாம் என்பதால், அம்மாவுக்கு நம்பிக்கை வருவதற்கு இதை முதல் நாளிலேயே சொல்லிக்கொடுங்கள்.

பயிற்சியால் சரியாகுமா என்று கேட்டீர்கள். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2018இல் வெளியான காக்ரேன் மீளாய்வில், இந்த வகைக் கசிவுள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 விழுக்காட்டினரும், செய்யாதவர்களில் 6 விழுக்காட்டினரும் தாங்கள் குணமானதாகக் கூறினார்கள். மருந்தோ கத்தியோ இல்லாத ஒரு சிகிச்சைக்கு இது மிகப் பெரிய பலன். ஆனால் மூன்று மாதங்கள் விடாமல் செய்த பிறகுதான் பலனைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். இரண்டு வாரத்தில் கைவிடுவோரே அதிகம். அம்மாவுக்கு நினைவூட்ட, காலையில் பால் காய்ச்சும்போது, மதியச் சாப்பாட்டு இடைவேளையில், இரவு படுத்தவுடன் என்று மூன்று வேளைகளை நிர்ணயித்துவிடுங்கள். தினமும் தொலைபேசியில் பேசும்போது செய்தாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உடல் எடை அதிகமுள்ள பெண்களுக்கு எடையைக் குறைப்பதும் கசிவைக் குறைக்கும். தோட்டத்தில் உழைக்கும் உங்கள் அம்மாவுக்கு அது பொருந்தாமல் போகலாம். விறகடுப்பை விட்டு எரிவாயு அடுப்புக்கு மாறுவதும், கீரை, பயறு, பழத்தோடு தண்ணீரும் சேர்த்து மலச்சிக்கலைப் போக்குவதும் கட்டாயம் பொருந்தும்.

அவசரமாக ஓட வைக்கும் இரண்டாவது பிரச்சினைக்கு வேறு பயிற்சி தேவை. வந்துவிட்டது என்ற உணர்வு எழுந்ததும் ஓடினால், ஓட்டத்தின் குலுக்கலே கசிய வைக்கும். அந்த நொடியில் நின்று, முடிந்தால் உட்கார்ந்து, இடுப்புத்தளத் தசையை வேகமாக ஐந்தாறு முறை இறுக்கிவிட்டு, மூச்சைச் சீராக விட்டுக் காத்திருந்தால், அந்த உணர்வு தணியும். தணிந்த பிறகு நிதானமாக நடந்து போகலாம். குறிப்பேட்டில் அம்மா ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை போகிறார் என்று தெரிந்தால், அதை வாரத்துக்குப் பதினைந்து நிமிடமாகக் கூட்டி, மூன்று மணி நேரம் வரை கொண்டு வர வேண்டும். இதற்குக் குறைந்தது எட்டு வாரங்கள் கொடுக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று போய்விட்டு வருவது, மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறுவதற்கு முன் சரி. பழக்கமானால் சிறுநீர்ப்பை சிறிய அளவுக்கே தூண்டப்படும். டீயிலும் காப்பியிலும் உள்ள கஃபீன் சிறுநீர்ப்பையைத் தூண்டும். இங்கே டீயை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். காலையில் ஒன்று, மதியத்துக்குள் இன்னொன்று என்று வைத்துக்கொண்டு, மாலைக் கட்டன் டீயை மட்டும் விட்டாலே இரவில் எழுவது குறைவதை அம்மா பார்ப்பார்.

இவற்றால் போதவில்லை என்றால் மருந்துகள் இருக்கின்றன. சாலிஃபெனாசின், டோல்டரோடின், ஆக்ஸிபியூட்டினின் போன்றவை சிறுநீர்ப்பைச் சுருக்கத்தைத் தணிப்பவை. வாய் உலர்வு, மலச்சிக்கல் இவற்றின் பக்கவிளைவுகள். சில வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். வயது முதிர்ந்தவர்களுக்கு ஞாபகக் குழப்பம் ஏற்படக்கூடும் என்பதால் எச்சரிக்கை வேண்டும். மிராபெக்ரான் என்ற மருந்துக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. ஆனால் கட்டுப்படாத கடுமையான ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தரக் கூடாது. மருந்துக்கும் கேட்காதவர்களுக்குக் கணுக்கால் நரம்பு வழியாக மின்தூண்டல், சிறுநீர்ப்பைச் சுவரில் போடாக்ஸ் ஊசி போன்றவை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. மாதவிலக்கு நின்றவர் என்பதால், பிறப்புவழியில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு அம்மாவுக்குத் தனியாகவே பயன் தரும். வழக்கமாக முதல் இரண்டு வாரங்கள் இரவுதோறும், பிறகு வாரம் இரு முறை. அவசர உணர்வையும் எரிச்சலையும் திரும்பத் திரும்ப வரும் தொற்றையும் அது குறைக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, இறக்கம். மாலையில் மட்டும் தெரிந்து, இரவு படுத்து எழுந்தால் மறைந்துவிடும் இறக்கம் பெரும்பாலும் தொடக்க நிலையில் இருப்பது. அதற்குப் பயிற்சியும் சுமைக் குறைப்பும் போதுமானதாக இருக்கலாம். பிறப்புவழியின் வாயைத் தாண்டி வெளியே வரும் இறக்கமாக இருந்தாலும், அறுவைக்கு முன் வளையம் என்ற வழி இருக்கிறது. சிலிக்கானால் செய்த வளையத்தை மருத்துவர் அளவு பார்த்து உள்ளே பொருத்துவார். அது இறங்கிய உறுப்பை மேலே தாங்கி நிற்கும். சரியாகப் பொருந்தினால் உள்ளே இருப்பதே தெரியாது. அன்றே வீட்டுக்குப் போகலாம். அம்மாவே கழற்றிக் கழுவிப் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொள்ளலாம். இயலாவிட்டால் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை மருத்துவமனையில் கழற்றிச் சுத்தம் செய்து, புண் ஏதும் உண்டா என்று பார்த்துத் திரும்ப வைப்பார்கள். வைத்ததை மறந்து ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் அது உட்சுவரை அரித்துப் புண்ணாக்கும் என்பதால், அடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். வயதானவர்களுக்கு மட்டும் உரியது என்று இதை ஒதுக்குவது சரியன்று என்பது என் உறுதியான எண்ணம். அறுவைக்குப் பின் மூன்று மாதம் கூலி இல்லாமல் இருக்க முடியாத ஒரு தொழிலாளிக்கு, வளையத்தைப் பற்றிச் சொல்லாமலே அறுவைக்குத் தேதி கொடுப்பது அநியாயம்.

அறுவை தேவைப்படும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது நல்ல நிவாரணம் தருகிறது. பயிற்சியும் வளையமும் உதவாதபோதோ, இறக்கம் அதிகமாகிச் சிறுநீர் தடைபடும்போதோ அதற்குப் போகலாம். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது, பிறப்புவழியின் தளர்ந்த சுவர்களையும் சேர்த்துச் சரிசெய்வார்களா, அதன் மேல்முனையைத் தசைநாரோடு பிணைப்பார்களா, கசிவுக்குத் தனியாக என்ன செய்வார்கள் என்பவை. இறக்கத்தைச் சரிசெய்த பிறகு, அதுவரை மறைந்திருந்த கசிவு புதிதாக வெளிப்படுவதும் உண்டு. கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே இறக்கத்தைச் சரிசெய்யும் அறுவைகளும் இருக்கின்றன. இளம் பெண்களுக்காக மும்பையின் ஷிரோத்கர், புரந்தரே போன்ற நம் நாட்டு மருத்துவர்கள் வகுத்த முறைகள் இன்றும் அவர்கள் பெயராலேயே பாடநூல்களில் இருக்கின்றன. கசிவுக்கு, சிறுநீர்க்குழாயின் கீழே பட்டை வைத்துத் தாங்கும் முறை 1990களில் சுவீடனில் உருவானது. பெண்ணின் சொந்தத் திசுவிலிருந்தே பட்டை எடுத்துவைக்கும் முறையும் உண்டு. பிறப்புவழி வழியாக இறக்கத்துக்குச் செயற்கை வலை வைப்பது பல பெண்களுக்குத் தீராத வலியையும் புண்ணையும் தந்ததால், அமெரிக்காவில் அந்த வலைகளின் விற்பனை 2019இல் நிறுத்தப்பட்டது. எனவே வலை வைக்கப்போவதாகச் சொன்னால், எந்த இடத்தில், எதற்காக, மாற்று வழி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. சிறுநீரில் ரத்தம், மாதவிலக்கு நின்ற பின் ரத்தப்போக்கு, காய்ச்சலோடு விலாப்பக்க வலி, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, வெளியே வந்த உறுப்பு உள்ளே போகாமல் நின்று புண்ணாவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கால்கள் பலமிழந்து, அந்தரங்கப் பகுதி மரத்துப்போய், சிறுநீர் தெரியாமல் போனால் அது முதுகுத்தண்டு நரம்பின் அவசர நிலை. பிரசவத்துக்கோ கர்ப்பப்பை அறுவைக்கோ பிறகு, இரவும் பகலும் இடைவிடாமல் சொட்டிக்கொண்டே இருந்தால், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே ஓட்டை விழுந்திருக்கலாம். அது பயிற்சியால் தீராது, ஆனால் அறுவையால் மூடக்கூடியது.

எங்கே போவது என்றால், ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குன்னூர் லாலி அரசு மருத்துவமனையிலோ பெண்கள் நலப் பிரிவில் தொடங்கலாம். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிப் பெண்களுக்கு அங்கேயே ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது. சிறுநீரியல் நிபுணர் தேவைப்பட்டால் கோவைக்கு அனுப்புவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு ஊருக்கு வரும் செவிலியரிடம் இந்தத் தொல்லையைப் பற்றிச் சொன்னால், அந்தத் திட்டத்தின் இயன்முறை மருத்துவரை எப்போது பார்க்கலாம் என்று கேட்டறியலாம். அறுவை என்றால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வர மறுத்தால், பெண் மருத்துவர்தான் பார்ப்பார் என்பதையும், முதல் நாளில் கத்தி எதுவும் இல்லை என்பதையும் சொல்லுங்கள். ஈரத்துணியின் வாடைக்குப் பயந்து கோவில் திருவிழாவையும் கல்யாண வீட்டையும் தவிர்க்கும் பெண்களை இந்த மலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால், வயசானா இப்படித்தான் என்பார்கள். வயது ஒரு காரணம்தான். சிகிச்சை கிடைக்காததற்கு வயதைக் காரணமாக ஏற்றுக்கொள்ள முடியாது.

கடைசிக் கேள்வி, பறிப்புக்குத் திரும்ப முடியுமா என்பது. முடியும். பயிற்சி செய்யும் காலத்தில் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. வளையம் வைத்தாலும் ஓரிரு நாளில் போகலாம். ஆனால் இலை நிறைந்து பாரம் கூடும்வரை சுமக்காமல், சிறு சிறு மூட்டைகளாக எடைக்குக் கொண்டுபோகட்டும்; தரையிலிருந்து தூக்குவதற்குப் பதிலாக மேட்டில் வைத்துத் தோளில் ஏற்றிக்கொள்ளட்டும்; தூக்கும் முன் தசையை இறுக்கிக்கொள்ளட்டும். அறுவை நடந்தால் குறைந்தது மூன்று மாதம் சுமை தூக்கக் கூடாது. அந்தக் காலத்துக்கு நர்சரி போன்ற இலகுவேலை தரும்படி மருத்துவரிடம் கடிதம் வாங்கித் தோட்ட நிர்வாகத்திடம் கொடுக்கலாம். இப்போதைக்குப் பயிற்சியைத் தொடங்கிய நாளைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதம் முடிந்ததும் அதே மூன்று நாள் குறிப்பை மறுபடியும் எழுதி, இரண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். கசிவும் இரவில் எழுவதும் குறைந்திருந்தால் அதே வழியில் தொடரலாம். குறையவில்லை என்றால் மருந்தா, வளையமா, அறுவையா என்பதை அந்த இரண்டு குறிப்புகளையும் வைத்து முடிவு செய்யலாம்.